ஏழாம் அத்தியாயம்: தண்ணீர்ச் சங்கத்தின் கணக்கு – யாருக்கு, எப்போது, எந்தத் தாளில்

தோட்டத்து நீர்த்திட்டம் ஒன்றை நடத்தும் சங்கத்துக்கு, அறிக்கையை இங்கே கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லும் ஒரே அலுவலகம் இலங்கையில் கிடையாது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மின்சாரத்துக்கு இருப்பது போலத் தண்ணீருக்கும் ஓர் ஒழுங்குபடுத்துநர் வரட்டும் என்றுதான் 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுச் சட்டத்தில் நீர்ச் சேவையையும் சேர்த்தார்கள். ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரத்தைக் கையில் கொடுத்திருக்க வேண்டிய நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலமோ, மாகாண சபைகளைக் கேட்காமல் கொண்டுவரப்பட்டது என்பதால் 2003இல் உயர் நீதிமன்றத்தில் நின்றுபோனது. சட்டமாகவில்லை.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு மேலே ஒருவரும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கேட்க உரிமையுள்ளவர்கள் ஐந்தாறு இடங்களில் இருக்கிறார்கள். தண்ணீர் சுத்தமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) கேட்பார். பணம் சரியா என்று பதிவு செய்த திணைக்களம் கேட்கும். ஊற்றைச் சுற்றி என்ன செய்கிறீர்கள் என்று தோட்ட முகாமையாளரான துரை கேட்பார். எல்லோருக்கும் முன்னால், முந்நூறு ரூபா கட்டிவிட்டு மூன்று நாள் தண்ணீர் வராத லயத்துக்காரர் கேட்பார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் பொருளாளர் ஆறு மாதத்தில் பதவியை விட்டு ஓடிவிடுவார். மாதாமாதம் ஒரே கணக்கை ஒழுங்காக எழுதி, அதிலிருந்தே எல்லோருக்கும் பிரதி எடுப்பதுதான் இந்த அத்தியாயம் சொல்லும் வழி.

உங்கள் பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

எந்தச் சட்டத்தின் கீழ் சங்கம் பதிவானதோ, அதைப் பொறுத்துத்தான் கணக்காய்வு யார் கையில் என்பது முடிவாகும். மலையகத்தில் பொதுவாக இரண்டு வகை.

ஒன்று, தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் உருவானது. இன்று அதைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்கிறோம். அதன் துணையோடு தோட்டந்தோறும் அமைந்த இந்தச் சங்கங்கள் வீட்டுக்கடனோடு சில இடங்களில் தண்ணீரையும் பார்க்கின்றன. இவை 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்குள் வருபவை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்கு ஆய்வு செய்யப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பொறுப்பு மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தினுடையது. உத்தியோகத்தர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் கடிதம் எழுதுங்கள். ஆய்வு செய்யப்படாத வருடங்கள் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால், அந்தக் காலத்துப் பற்றுச்சீட்டைத் தேடி எடுக்க யாராலும் முடியாது.

மற்றது, தண்ணீருக்காகவே அமைத்த சமூக அடிப்படை அமைப்பு. கிராமப்புறங்களில் 1990களிலிருந்து உலக வங்கி உதவியுடன் வந்த சமூக நீர்வழங்கல் திட்டங்களில் இது வேரூன்றியது. 2014இல் தேசிய சமூக நீர்வழங்கல் திணைக்களம் அமைந்த பிறகு அதற்கென ஒரு வீடும் கிடைத்தது. 2015இல் தொடங்கிய அடுத்த உலக வங்கித் திட்டத்தின் ஏழு மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. தோட்டங்களும் அதில் சேர்ந்தன. இந்த வகைச் சங்கம் பிரதேச செயலகத்திலோ, சமூக நீர்வழங்கல் திணைக்களத்திலோ, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ பதிவாகியிருக்கலாம். கணக்காய்வாளரைப் பொதுக்கூட்டம் நியமிக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாப்பிலேயே இருக்கும். அவர் நிர்வாகக்குழுவில் இல்லாதவராக, பொருளாளருக்கு மாமனாகவோ மச்சானாகவோ இல்லாதவராக இருக்கட்டும். பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் கணக்கீடு கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

இரண்டு சங்கமும் ஒரே தோட்டத்தில் இருந்தால், தண்ணீர்ப் பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கடன் தவணையும் தண்ணீர்க் கட்டணமும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்துவிட்டால் ஐந்தொகை போடுபவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

செக்ரோல் பிடித்தம்

தோட்டத்துக்கே உரிய இடர் இங்கேதான் இருக்கிறது. கிராமத்துச் சங்கம் வீடு வீடாகப் போய்க் காசு வாங்குகிறது. தோட்டத்திலோ செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டின் வழியே சம்பளத்திலிருந்து பிடித்துத் தரும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது சுலபமான வழி. சுலபம்தான். ஆனால் பிடிக்கப்பட்ட நாளுக்கும் சங்கத்தின் வங்கிக்கு வந்த நாளுக்கும் இடையே அந்தப் பணம் உங்களுடைய புத்தகத்தில் எங்கும் இல்லை. சம்பளத் துண்டில் பிடித்தமாகியிருக்கும், தொழிலாளி கட்டிவிட்டேன் என்பார், சங்கம் வரவில்லை என்னும்.

பிடித்தம் தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் வாங்குங்கள். மாதாமாதம் காசோலையோடு பெயர்ப்பட்டியல் ஒன்றும் வரவேண்டும் என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் காசோலையை ஏற்காதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு மாதம். ஒரு டிவிசனில் 120 வீடு, வீட்டுக்கு 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டியது 36,000. அதில் 70 வீடு செக்ரோல் வழி, 21,000. தோட்டத்திலிருந்து வந்த காசோலை 19,500. குறைவது 1,500, அதாவது ஐந்து வீடு. பட்டியலைப் பார்த்தால் இரண்டு பேர் ஓய்வுபெற்றுப் பெயர் நீங்கியவர்கள். மூன்று பேருக்கு அந்த மாதம் வேலைநாள் குறைவு, வேறு பிடித்தங்கள் போகத் தண்ணீருக்குப் பிடிக்கச் சம்பளம் மிஞ்சவில்லை. மீதி 50 வீடும் காசாகக் கட்டுபவை: கொழும்பில் கடைவேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் வாழும் வீடுகள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஓய்வூதியர்கள். அங்கே வரவேண்டியது 15,000, வந்தது 12,900, ஏழு வீடு பாக்கி. ஆக மாத வசூல் 32,400, நிலுவை 3,600, பன்னிரண்டு வீடு.

இந்தப் பத்து வரிக் கணக்கை ஒவ்வொரு மாதமும் சீ.ஆர். கொப்பியின் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நிலுவை வீடுகளை லய இலக்கத்தால் குறியுங்கள், பெயரை ஒட்டவேண்டாம். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு கிழவியின் பெயரைக் கடன்காரியாக ஒட்டிவிட்டு அடுத்த சிரமதானத்துக்கு அந்தக் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வேலைநாள் குறைந்ததால் பாக்கியானவரையும், கையில் காசிருந்தும் கட்டாதவரையும் கணக்கில் வேறாகப் பிரியுங்கள். முன்னவருக்குத் தவணை கொடுப்பதா என்பதைக் குழு தீர்மானித்துக் கூட்டறிக்கையில் பதியட்டும். தலைவர் தானாகச் சலுகை கொடுப்பது வேண்டாம். அது எப்போதும் சொந்தக்காரருக்கே போய்ச் சேருகிறது.

காசாக வாங்குவதற்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், கார்பன் பிரதியோடு. வாங்கிய பணத்தை முழுதாக வங்கியில் போட்டுவிட்டு, செலவுக்குக் காசோலையாக எடுங்கள். வசூலிலிருந்தே பி.வீ.சீ. குழாய் வாங்கிவிட்டு மீதியை வங்கியில் போடும் பழக்கம் இருக்கிறதே, அதில் களவு இல்லாமலே கணக்கு கெட்டுப்போகும். சிறுகாசுக்கு ஒரு வரம்பு வைத்து, முடிந்ததும் உறுதிச்சீட்டுகளைக் காட்டி மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். ஹார்ட்வெயார் கடைச் சீட்டில் சங்கத்தின் பெயர் இருக்கவேண்டும். "காஷ்" என்று மட்டும் எழுதிய துண்டைக் கணக்காய்வாளர் தள்ளிவிடுவார்.

ஆளும் வட்டியும்

வால்வு திறந்து மூடவும் தாங்கி கழுவவும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தால், ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிப் பகுதித் தொழில் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பொருந்துமானால் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், சங்கத்தின் பங்கு 12. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3, அதுவும் சங்கத்தின் கையிலிருந்து. 100 ரூபா சம்பளம் என்றால் சங்கத்துக்கு 115 ரூபா செலவு. அந்தந்த மாதத்துப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் போகவேண்டும். தோட்டத்து மக்களுக்குச் சேமலாப நிதியின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி கட்டத் தாமதித்தால் கொடி பிடிப்பவர்கள், தங்கள் சங்கம் தண்ணீர்க்காரருக்குக் கட்டாததைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் வேடிக்கை.

நிலையான வைப்பு இருந்தால் வட்டியை முழுத்தொகையாகப் பதியுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியிலிருந்து வங்கி பிடிக்கும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆனது. 10,000 வட்டியில் 9,000 கைக்கு வந்தால், வரவு 10,000, வரி 1,000 என்று எழுதி வங்கியின் சான்றையும் கோவையில் வையுங்கள்.

மூன்று எண், ஒரு குப்பி

பணக் கணக்குக்குப் பக்கத்திலேயே தண்ணீர்க் கணக்கும் வேண்டும். எவ்வளவு வருகிறது, குளோரின் எவ்வளவு நிற்கிறது, எத்தனை மணி நேரம் விநியோகம் – இந்த மூன்றும் போதும்.

வரத்தை அளக்க மானி இல்லையென்று கவலைப்படாதீர்கள். 20 லீற்றர் வாளியைத் தாங்கியின் வாயில் பிடித்து நேரம் பாருங்கள். 25 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 0.8 லீற்றர், ஒரு நாளைக்கு 69,120 லீற்றர். 120 வீட்டில் 600 பேர் என்றால் தலைக்கு 115 லீற்றர். மாதம் ஒருமுறை, ஒரே நாளில் அளந்து எழுதினால் ஜனவரி முதல் மார்ச் வரை ஊற்று எவ்வளவு சுருங்குகிறது என்பது இரண்டு வருடத்தில் எண்ணாகவே தெரிந்துவிடும். புதிதாக இருபது வீடு கட்டி இணைப்புக் கேட்டு வரும்போது, மறுக்கவோ ஒத்துக்கொள்ளவோ உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்தப் பக்கம்தான்.

குளோரினை, தாங்கிக்குப் பக்கத்துப் பீலியில் அளந்து திருப்திப்படுவது வழக்கமான ஏமாற்று. கடைசி லயத்துக் கடைசிக் குழாயில் அளக்கவேண்டும். சோதனை மாத்திரை போட்டதும் குப்பியில் நீர் இளஞ்சிவப்பாகும், அந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நீரின் தரத்துக்கு இலங்கையில் அளவுகோல் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி 100 மில்லிலீற்றரில் ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது. இந்தப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், பி.எச்.ஐ. மாதிரி எடுக்கும் நாளில் நீங்களும் கூடப் போய் எந்தக் குழாய், எத்தனை மணி என்று குறித்துக்கொள்ளுங்கள். கிருமி நீக்கிய குப்பி, பனிக்கட்டிப் பெட்டி, அன்றன்றே ஆய்வுகூடம். இவற்றில் ஒன்று தவறினால் முடிவை நம்பமுடியாது.

சில சங்கங்களுக்குத் தண்ணீர் கறுக்கிறதா என்று பார்க்கும் ஐதரசன் சல்பைட்டுக் குப்பி கொடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அதற்குச் சூடு வேண்டும், 25 பாகைக்கு மேல். நுவரெலியாக் குளிரில் குப்பியை அலுமாரியில் வைத்துவிட்டு, இரண்டு நாளாகியும் கறுக்கவில்லை, தண்ணீர் சுத்தம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை நம்பவேண்டாம். அடுப்படியில், புகை படாத இடத்தில் வையுங்கள். வைத்த இடத்தையும் பதியுங்கள்.

முடிவு கெட்டதாக வந்தால் மறைக்காதீர்கள். 2007இல் கம்பளையில் மஞ்சட்காமாலை பரவியதை இந்தப் பக்கத்தில் பலரும் மறக்கவில்லை. அன்றே பி.எச்.ஐ.க்குச் சொல்லி, நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி ஒவ்வொரு லயத்திலும் தமிழில் எழுதி ஒட்டி, என்ன செய்தீர்கள், மறுபரிசோதனை எப்போது என்று பதியுங்கள். சங்கத்தின் மேல் வழக்கு வந்தாலும் வசை வந்தாலும், கெட்ட முடிவு வந்த அன்று என்ன செய்தீர்கள் என்பதுதான் கேட்கப்படும்.

ஊற்றுக்கு மேலே தேயிலை மலை. அங்கே எப்போது உரம் போடுகிறார்கள், எப்போது களைகொல்லி அடிக்கிறார்கள் என்பது மலை வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரின் வேலைப் புத்தகத்தில் இருக்கும். 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபொசேட் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது என்பதால் இந்தத் திகதிகள் உங்களுக்கு அவசியம். முன்கூட்டியே அறிவிக்கும்படி முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பம் வாங்குங்கள்.

தேய்வை மறைக்கவேண்டாம்

தாங்கியும் குழாயும் உதவித்திட்டத்தில் இலவசமாக வந்தவை என்பதால் பல சங்கங்களின் கணக்கில் அவற்றுக்குப் பெறுமதியே இல்லை. வங்கி மீதியைப் பார்த்து லாபம் என்று நினைத்து, திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்துவிடுகிறார்கள். நம் உதாரணத் திட்டத்துக்கு 60 இலட்சம் செலவாகி, 20 வருடம் உழைக்கும் என்றால் பெறுமானத் தேய்வு வருடத்துக்கு 3 இலட்சம், மாதம் 25,000, வீட்டுக்கு 208 ரூபா. 300 ரூபா கட்டணத்தில் 208ஐ எடுத்துவைத்தால் குளோரினுக்கும் ஆளுக்கும் என்ன மிஞ்சும்?

முழுத் தேய்வையும் மக்களிடம் வசூலிக்கச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பரம்பரையாகத் தோட்டமே கொடுத்துவந்த பீலித் தண்ணீருக்கு ஏன் நாங்கள் கட்டவேண்டும் என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு 50 ரூபாவைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, முதலில் கெட்டுப்போகும் வால்வு, மானி, குளோரின் தொட்டி இவற்றுக்கென்று வையுங்கள். மீதி 158 ரூபா இடைவெளியை ஆண்டறிக்கையில் அப்படியே எண்ணாகக் காட்டுங்கள். தோட்டம் கொடுத்த குழாய், விட்டுக்கொடுத்த ஆள்நாள், மக்கள் செய்த சிரமதானம் எல்லாவற்றையும் காசு வராவிட்டாலும் ஒரு பட்டியலில் சேருங்கள். இடைவெளியை நிரப்ப யாரிடம் போய்க் கேட்பது என்பது அப்போதுதான் தெரியும்.

பிரதேச சபையிடமும் கேட்கலாம். தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிட 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு நீண்டகாலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே வருட உள்ளூராட்சித் தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் புதிதாக வந்தன. வரவுசெலவுத் திட்டம் தயாராவதற்கு முன், ஆகஸ்ட் செப்டெம்பரிலேயே உங்கள் அறிக்கை தவிசாளரின் மேசைக்குப் போயிருக்கவேண்டும். டிசம்பரில் கொண்டுபோனால் அடுத்த வருடம் பார்ப்போம் என்ற பதில்தான் கிடைக்கும்.

ஒரு பக்க அறிக்கை

அமெரிக்காவில் சமூக நீர்வழங்கல் அமைப்புகள் எல்லாம் 1999 முதல் பாவனையாளருக்கு ஆண்டுதோறும் நீரின் தர அறிக்கை தரவேண்டியிருக்கிறது. 15 இணைப்பு அல்லது 25 பேர் இருந்தாலே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்; 500 பேருக்கு மேற்படாத சிறிய அமைப்புகளுக்குத் தபாலில் அனுப்புவதிலிருந்து விலக்களிக்கலாம், அறிக்கை இருக்கிறது என்று அறிவித்தால் போதும். அந்தக் கண்டிப்பு நம் பக்கம் இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கத் தாள் பின்பற்றக்கூடியது.

பொதுக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, கோயில் வாசலிலும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டுங்கள். மேல்பாதியில் வருடத்து வரவு, செலவு, வங்கி மீதி, நிலுவை வீடுகளின் எண்ணிக்கை. கீழ்ப்பாதியில் குறைந்த வரத்தும் கூடிய வரத்தும், ஆய்வுகூட முடிவுகள் திகதியோடு, தண்ணீர் நின்ற நாட்கள். அடியில் தேய்வின் இடைவெளி. அதே தாளின் பிரதி, கணக்காய்வு அறிக்கையோடு சேர்த்து, பதிவு செய்த திணைக்களம், பிரதேச செயலாளர், எம்.ஓ.எச்., தோட்ட நிர்வாகம், பிரதேச சபை எல்லோருக்கும் போகட்டும். தமிழிலேயே கொடுக்கலாம்; அது அரசியலமைப்பு தந்த உரிமை, நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டும் இருக்கின்றன. சிங்களத்தில் ஒரு சுருக்கம் சேர்த்தால் கோவை வேகமாக நகரும் என்பது அனுபவம். அரசுப் பணமோ வெளிநாட்டுத் திட்டப் பணமோ பெருமளவில் வாங்கிய அமைப்பு என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்களிடமே ஒருவர் விண்ணப்பிக்கலாம். ஒட்டிய தாள் இருந்தால் அந்த விண்ணப்பத்துக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம்.

கூட்டம் முடிந்து புதிய நிர்வாகக்குழு வந்ததும் கையொப்பக்காரரை மாற்றும் கடிதத்தைக் கூட்டறிக்கைப் பிரதியோடு அந்த வாரத்திலேயே வங்கிக்குக் கொடுங்கள். பழைய பொருளாளர் கொழும்பில் வேலை தேடிப் போய்விட்டால் கணக்கு முடங்கிவிடும். காசேடு, எழுதாத காசோலைகள், மீதிப் பற்றுச்சீட்டுப் புத்தகம், சம்மதப் படிவங்கள், ஆய்வுகூட முடிவுகள், திட்டத்தைக் கையளித்த கடிதம், குழாய்ப்பாதை வரைபடம், இறப்பர் முத்திரை, வால்வுச் சாவிகள் எத்தனை, யார் யாரிடம் – இவ்வளவையும் பட்டியலிட்டு இரண்டு தரப்பும் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து வையுங்கள்.